புகை வெளியே, அவள் உள்ளே

என் மனைவி வீட்டை விட்டுப் போனதற்குப் புகைதான் காரணம். வேறு காரணம் இருப்பதாக என் மச்சினன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்; நம்ப வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்வது என் வழக்கம். இந்த வயதில் ஒரு புகைக்காக அதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

போனது ரொம்ப தூரமும் இல்லை. எதிர்ச்சாரியில் கொஞ்சம் தள்ளி அந்த மச்சினன் வீடு. ஒரு கையில் துணிப்பை, மறுகையில் பின்னிக்கொண்டிருந்த கம்பளி. என்ன பின்னுகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பழுப்பு நிறம், அவ்வளவுதான் தெரியும். வாசற்படியில் நின்று இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"புகை வெளியே போனா நான் உள்ளே வரேன். அதுவரைக்கும் தம்பி வீட்டு மாடி ஜன்னல்லதான் உக்காந்திருப்பேன். அங்கேருந்து நம்ம புகைபோக்கி நல்லாத் தெரியுது."

"தெரிஞ்சா?"

"புகை அது வழியா மேல போறதை என் கண்ணால பாக்கணும். உங்க வாயால கேட்டா நம்ப மாட்டேன்."

இதில் எனக்கு வருத்தம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லும் எதையும் அவள் நம்பியதில்லை. ஆனால் நம்பாவிட்டாலும் கடைசி வரை உட்கார்ந்து கேட்பாள். அப்படி ஒரு ஆள் கிடைப்பது சுலபமில்லை. அவள் போன பிறகு, பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பைத் தேநீர் போட்டு இரண்டையும் நானே குடித்தேன். பிறகு புகையிடம் ஒரு கதை சொல்லிப் பார்த்தேன். புகை எல்லாவற்றையும் நம்பியது. சுவாரசியமே இல்லை.

புகைக்கு வருகிறேன்.

போன குளிர்காலத்தில் இதே அம்மாள்தான் ஆரம்பித்தாள். எங்களுடையது பழைய வீடு. ஜன்னலை அடைத்தாலும் திரைச்சீலை தன்பாட்டுக்கு ஆடும். கூடத்தில் கணப்பு எரியும், விறகு வெடிக்கும், அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். அவள் உட்கார்ந்தபடியே, "எங்கேயோ காத்து வருது" என்பாள்.

"எங்கேருந்து?"

"எங்கேயோருந்து."

நான் அந்த 'எங்கேயோ'வைத் தேடிக் கிளம்பினேன். கதவடிகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினேன். ஜன்னல் சட்டங்களைச் சுற்றி இடுக்கை அடைக்கும் மக்குப் பசை வைத்து இழைத்தேன். சுவரில் குழாய் நுழையும் இடத்திலெல்லாம், காய்ந்தால் இறுகிக்கொள்ளும் நுரை அடித்தேன். சாவித் துவாரத்தில் பஞ்சு வைத்தேன். அதன் பிறகு வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்க முடியாமல் குளியலறை ஜன்னல் வழியாக ஏறி உள்ளே வர வேண்டியதாயிற்று. வந்ததும் அந்த ஜன்னலையும் அடைத்தேன்.

அதே சமயம் கூரைக்காரரைக் கூப்பிட்டுக் கூரையும் மாற்றினோம். அவர் கூரையும் சுவரும் சேரும் இடத்தில் இருந்த இடுக்குகளையெல்லாம் அடைத்து, பரண் முழுக்க மெத்தை விரித்த மாதிரி பஞ்சுத் தகடு பரப்பினார். புகைபோக்கிக்காரரையும் கூப்பிட்டோம். அவர் பழைய செங்கல் புகைபோக்கிக்குள் புதிதாக ஒரு எஃகுக் குழாயை இறக்கி, உச்சியில் தொப்பி வைத்தார். இதெல்லாம் போதாதென்று எங்கள் மகன் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் அனுப்பியிருந்தான். ஹோட்டல் சமையல்கட்டுக்காகச் செய்தது என்று பெட்டி மேலேயே எழுதியிருந்தது. அடுப்புக்கு மேலே அதை மாட்டியவன் நான். போட்டால் சுவர்க் காலண்டர் எழுந்து நின்று விசிறியைப் பார்த்துக் கும்பிடும். ஒரு முறை என் மூக்குக் கண்ணாடி நெற்றி வரை போய்த் திரும்பியது. அது தனிக் கதை.

இந்தக் குளிருக்கு முதல் தடவை கணப்பைப் பற்றவைத்தபோது புகை மேலே போகவில்லை. கணப்பின் வாயிலிருந்து தலையை நீட்டிக் கூடத்தைப் பார்த்தது. பிடித்துவிட்டது போலிருக்கிறது, நேராக வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தது. அவள் இருமிக்கொண்டே ஓடிப்போய், சமையலுக்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டாள். புகை இன்னும் உற்சாகமாக வந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள். புகையும் கூட்டியது. யார் முதலில் ஓய்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் பையை எடுத்தாள்.

ஆக, கூரை புதிது, குழாய் புதிது, விசிறி புதிது, கதவு ஜன்னல் எல்லாம் புதிதாக அடைத்தது. எதில் குற்றம்? தலையைப் பிய்த்துக்கொள்ள அங்கே முடியும் அதிகம் இல்லை. ஆளைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன்.

வேலைக்கு ஆள் பிடிப்பது பற்றி அடுத்த வீட்டுத் தையல்கார அம்மா ஒரு யோசனை சொன்னார். "சொந்த ஏணி வெச்சிருக்கறவரா பாத்துக் கூப்பிடுங்க. இரவல் ஏணிக்காரருக்கு எப்பவும் அவசரம்." நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் புகைபோக்கிக்கு ஒருவர், கூரைக்கு ஒருவர். இருவரிடமும் சொந்த ஏணி இருந்தது. முதலில் புகைபோக்கிக்காரரை அழைத்தேன்.

மெலிந்து உயர்ந்த மனிதர். அவரையே புகைபோக்கிக்குள் விட்டுச் சுத்தம் செய்யலாம். கரி உறிஞ்சும் இயந்திரத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு, அதன் தடித்த குழாயை மட்டும் வாசல் வழியாகக் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தார். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்கத் தன் பையை முட்டுக் கொடுத்தார். அப்புறம் கணப்பில் ஒரு காகிதத்தைக் கசக்கிப் போட்டுக் கொளுத்தினார்.

புகை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போவது போல, ஒழுங்காக மேலே போயிற்று.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கா கூப்பிட்டீங்க?"

"காலையில கூட இங்கே ஒரே புகைங்க. என் கை எனக்குத் தெரியல."

"ஐயாவுக்கு கண்ணு டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

"என் வீட்டுக்காரி புகை தாங்காம தம்பி வீட்டுக்கே போயிட்டா."

"புகைக்காகவா?" என்றார், மச்சினனைப் போலவே.

நான் பேச்சை மாற்றினேன். "ஒருவேளை கூரையில ஏதாவது…"

உடனே அவர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். "கூரை யார் வேலை தெரியுமில்ல? எங்க சம்பந்தி வேலை. என் பொண்ணை அவர் பையனுக்குத்தான் குடுத்திருக்கேன். அந்தக் கூரையைக் கண்ணுல ஒத்திக்கலாம்."

"குத்தம் சொல்லலைங்க. சும்மா ஒரு வார்த்தை…"

"அந்த ஒரு வார்த்தையை நான் ஏற்கெனவே சொல்லிப் பாத்தாச்சு. கல்யாணமான புதுசுல அவங்க வீட்டுக் கூரையைப் பாத்து, 'கொஞ்சம் சாஞ்சிருக்கோ?'ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். என் பொண்ணு அந்தக் குளிர்காலம் பூரா எங்க வீட்டுல உக்காந்து அழுதா. இப்போ நான் அந்தப் பக்கம் போனா தரையைப் பாத்துட்டேதான் போறது."

குழாயைச் சுருட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். நான் கதவைச் சாத்தி, விறகைப் பற்றவைத்து, புகை வந்தால் போகட்டும் என்று ஃபேனையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். புகையும் வந்து உட்கார்ந்தது.

அதற்குள் கதவு தட்டப்பட்டது. அவள்தான்! மாடி ஜன்னலிலிருந்து, எஃகுக் குழாய் உச்சியில் வெள்ளையாகப் புகை போனதைப் பார்த்துவிட்டுப் பையோடும் கம்பளியோடும் வந்துவிட்டாள். எங்கள் வாசற்கதவு உள்பக்கம் திறப்பது. தாழை எடுத்ததுதான் தாமதம். கதவு படாரென்று தானே திறந்துகொண்டது. வீடு அவளையும், அவள் பையையும், வாசலில் கிடந்த சருகுகளையும் ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்டது. என்னைப் போலவே வீட்டுக்கும் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் குதிகாலால் கதவை உதைத்துச் சாத்தினாள். கதவு திறந்து கிடந்தால் அவளுக்கு உடம்பு எரியும். அது பிறவிக் குணம்.

பிறகு சுற்றிப் பார்த்தாள். கூடம் புகையில் நீலமாக இருந்தது.

"நான் பாத்தேனே! மேல போச்சே!"

"போச்சு. நீ வரேன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்திருச்சு."

"எங்கே, என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. கூரையில ஏறி நின்னு எதையாவது கொளுத்தினீங்களா?"

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

"நீங்க செய்வீங்க." பையைக் கீழேயே வைக்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் கூரைக்காரர் வந்தார். இவர் குட்டை, அகலம், வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு. பரணுக்குள் ஏறிப் பார்க்க வேண்டும் என்று தன் ஏணியைக் கொண்டுவந்தார். அது கூரைக்கான ஏணி. கூடத்துக்கு மிஞ்சின நீளம். ஒரு முனை பரண் வாயில் போய்ச் சாய்ந்தது. மறுமுனை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. நடைபாதையில் போனவர்கள் அதைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். கதவை மூட வழியில்லை. கணப்பில் புகை கயிறு பிடித்தது போல நேராக மேலே போயிற்று.

"பாத்தீங்களா!" என்று பரணுக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சிரித்தார். "என்னமா இழுக்குது! எங்க சம்பந்தி குழாய் எறக்கினா எறக்கினதுதான்!"

"நேத்து அவரும் உங்க கூரையை இப்படித்தான் சொன்னாருங்க."

"சொன்னாரா?" கூரைக்காரரின் சிரிப்பு ஒரு நிமிஷம் நின்றது. "என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து விடாம."

"கண்ணுல ஒத்திக்கலாம்னார்."

"அப்பாடி," என்று மூச்சு விட்டார். "அப்போ நானும் அவர் புகைபோக்கியை ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கறேன்னு சொன்னதா சொல்லிடுங்க. ரெண்டு கண்ணு. மறக்காதீங்க."

அவரும் போனார். கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டேன். புகை வந்தது. அவளும் வந்தாள், பார்த்தாள், இருமினாள், போனாள். இந்தத் தடவை மச்சினனும் கூட வந்திருந்தான், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "அத்தான், ஆள் வந்தா ஒழுங்கா இருக்கு, ஆள் போனா ஆட்டம் போடுது. இந்தப் புகைக்கு உங்க குணம் அப்படியே வந்திருக்கு" என்றான்.

எனக்குச் சந்தேகம் என் மேலேயே வந்துவிட்டது. நான் தனியாக இருந்தால் புகை இருக்கிறது. சாட்சி வந்தால் இல்லை. பொய் சொல்லும்போது கூட இவ்வளவு பேர் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

உள்ளூர் ஆட்கள் சரிப்படாது, வெளியாள் ஒருவரைப் பிடிப்போம் என்று யார் யாரிடமோ விசாரித்து, தொலைவிலிருக்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். கூரை, புகைபோக்கி, காற்றோட்டம் மூன்றும் பார்ப்பாராம். குரல் கம்பீரமாக இருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"புகைபோக்கி யார் வேலை?"

சொன்னேன்.

"கூரை?"

சொன்னேன்.

அந்தப் பக்கம் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் பொண்ணுக்குத் தாய்மாமன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கூரை ஏறுகிற அத்தனை பேரும் ஒரே கல்யாண போட்டோவில் அடங்கிவிடுவார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

இதற்கிடையில் காக்கையின் விஷயம் நடந்தது. சிலர் இதை நம்புவதில்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கணப்புக்குள் தொப்பென்று சத்தம். பார்த்தால் ஒரு காக்கை, வால் முன்னாடியும் தலை பின்னாடியுமாக உட்கார்ந்திருந்தது. குளிருக்கு இதமாகத் தொப்பிக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறது; வீடு உறிஞ்சிவிட்டது. நல்லவேளை, அன்று நான் இன்னும் பற்றவைக்கவில்லை. முகத்தில் கரி பூசியிருந்ததா என்று கேட்காதீர்கள், காக்கையில் அதெல்லாம் தெரியாது. என்னைப் பார்த்தது, கூடத்தைப் பார்த்தது, நடந்தே போய் வாசற்கதவின் முன்னால் நின்றது. திறந்துவிட்டேன். போகும்போது ஒரு சத்தமும் போடவில்லை. மரியாதை தெரிந்த காக்கை. இதைச் சொல்வதற்குத்தான் அன்றைக்கு எனக்கு ஆள் இல்லை.

அதன் பிறகு துணிந்து ஒரு காரியம் செய்தேன். இரண்டு சம்பந்திகளையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லவில்லை.

வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். "அடடே சம்பந்தி!" "வாங்க சம்பந்தி, வாங்க!" என்று, ஏதோ என் வீடு அவர்களுடையது போல ஒருவரை ஒருவர் வரவேற்றார்கள். உள்ளே யார் முதலில் வருவது என்று முடிவாகாததால் இருவரும் உள்ளேயே வராமல், வெளியிலேயே ஏணி போட்டுக் கூரைக்கு ஏறிவிட்டார்கள்.

நான் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு, ஃபேனைப் போட்டு, கணப்பின் முன்னால் உட்கார்ந்தேன். புகையோடு சேர்ந்து அவர்கள் பேச்சும் இறங்கி வந்தது. வானொலி கேட்கிற மாதிரி அவ்வளவு தெளிவு.

"பேத்திக்குப் பல்லு வந்திருச்சாமே, சம்பந்தி?"

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. உங்க ஜாடைதான்."

"பல்லா?"

"பல்லு இல்ல, சிரிப்பு."

இப்படியே போயிற்று. பேத்தியின் பல், பேத்தியின் தும்மல், பேத்தி ஏணியைப் பார்த்துச் சிரித்தது. பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்கக் கூடாது…"

"நான் நெனைப்பேனா? சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"இல்ல, சொல்லுங்க."

"ஒண்ணுமில்லங்க, காத்து கொஞ்சம் சில்லுன்னு இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"ஆமா, சில்லுன்னுதான் இருக்கு."

எதையோ இரண்டு தட்டுத் தட்டும் சத்தம்.

"ஐயாவுக்கும் வயசாச்சு," என்றது ஒரு குரல்.

"பாவம். தனியா வேற இருக்காரு," என்றது மற்றது.

சந்தித்ததிலிருந்து முதல் தடவையாக இருவரும் மனம் விட்டு ஒத்துப்போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கணப்புக்குள் தலையை நீட்டி, "எனக்கு எல்லாம் கேக்குது!" என்று கத்தினேன்.

 மேலே ஒரு நடுங்கும் குரல்: "சம்பந்தி… புகைபோக்கி பேசுது."

இரண்டு பேரும் துள்ளி விலகியதில் ஏணி ஆடிய சத்தம் உள்ளே வரை கேட்டது. அப்புறம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை; புகை தொண்டைக்குள் போய் இருமிக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. அவள். இந்தத் தடவை பை இல்லை, கம்பளி இல்லை, காலில் தம்பி மனைவியின் செருப்பு. மூச்சு வாங்கியது. ஒரு கையால் கதவைப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாச்சு உங்களுக்கு?"

"எனக்கென்ன?"

"ரெண்டு பேரும் கூரையில அப்படி எகிறிக் குதிச்சாங்களே! நான் உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு…" நான் நன்றாக இருப்பது உறுதியானதும் அவள் குரல் மாறியது. "நல்லாத்தான் இருக்கீங்களா? அப்புறம் எதுக்கு ஊரையே கூட்டறீங்க? கணப்புக்குள்ள தலையை விடற வயசா இது? மூஞ்சியெல்லாம் கரி! என்னைக்காவது ஒரு நாள் ஒரு வேலையை ஒழுங்கா…"

இப்படித் தொடங்கியது, நிற்கவில்லை. எனக்கு அது தேனாக இருந்தது. சம்பந்திகளும் இறங்கி, அவளைத் தாண்டி உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். மூவரும் ஒரே சமயத்தில் கவனித்தோம். புகை மேலே போய்க்கொண்டிருந்தது.

"உள்ளே வந்து திட்டேன். குளிருது பார்," என்றேன்.

"புகை போனாத்தான் வருவேன்னு சொன்னேனா இல்லையா?"

"போகுதே, பார்."

பார்த்தாள். பேச்சு நின்றது. மெதுவாக உள்ளே காலை வைத்தாள். குதிகாலால் கதவைச் சாத்தினாள். புகை மேலே போகிற பாதியில் யோசித்து, திரும்பி, அவளைத் தேடிக்கொண்டு வந்தது. இருமிக்கொண்டே அவள் கதவைத் திறந்து படிக்குப் போனாள். புகை மேலே போனது. உள்ளே வந்தாள், சாத்தினாள். புகை உள்ளே வந்தது.

கூரைக்காரர் மெல்ல, "சம்பந்தி, நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"நான் ஒண்ணுமே பாக்கலை சம்பந்தி," என்றார் புகைபோக்கிக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன, மூணு பேரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள் அவள்.

சம்பந்திகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். வீட்டுக்காரன் நான்தான், எனவே நானே சொன்னேன்: "ஒண்ணுமில்ல. நீ உள்ளே வந்தா புகையும் உள்ளே வருது. நீ வெளியே போனா அதுவும் வெளியே போகுது. நீ சொன்ன ஒப்பந்தம்தான் கொஞ்சம் இடிக்குது."

"நானா புகையைக் கூட்டிட்டு வரேன்?"

"நான் சொல்லலை. புகை சொல்லுது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூடத்து நடுவில் வந்து நின்று, "சம்பந்தி ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் அந்தக் கதவைத் தொறங்க" என்றாள். இருவரும் ஒரே சமயத்தில் போய்த் திறந்தார்கள். புகை மேலே போயிற்று. அவள் உள்ளேயே நின்றாள்.

"இப்போ நான் எங்கே இருக்கேன்?"

"உள்ளே."

"புகை?"

"வெளியே."

"அப்போ நானா, கதவா?"

"கதவு மாதிரிதான் தெரியுது."

"மாதிரியா!" என்றாள். "முதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க. இந்த இரைச்சல்ல கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை போகுது."

நான் அசைவதற்குள் அவளே போய் நிறுத்தினாள். கதவையும் சாத்தினாள். புகை நடுவழியில் நின்று, போகலாமா வேண்டாமா என்று தயங்கியது. பிறகு சோம்பேறித்தனமாக, ஆனாலும் மேலேதான் போயிற்று. அவள் ஃபேனைப் போட்டாள்; இறங்கி வந்தது. நிறுத்தினாள், ஏறியது. ஃபேனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"போன வருஷம் என்னென்ன அடைச்சீங்க?"

ஒன்றொன்றாகச் சொன்னேன். சாவித் துவாரம் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீதான் காத்து வருதுன்னே," என்றேன்.

"காத்து வருதுன்னுதான் சொன்னேன். வீட்டை பாட்டில் மாதிரி மூடி போட்டு அடைக்கவா சொன்னேன்? மூடின பாட்டில்லேருந்து இந்த ஃபேன் காத்தை உறிஞ்சிக்கிட்டே இருந்தா, உள்ளே எங்கேருந்து காத்து வரும்? தொறந்திருக்கற ஒரே ஓட்டை புகைபோக்கிதான். அது வழியா வருது. வர்ற வழியில புகையையும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வருது."

எனக்கு ஒன்றும் சரியாகப் புரியவில்லை. காற்றை வெளியே அனுப்பத்தானே விசிறி; அதைப் போட்டால் காற்று உள்ளே வருகிறது என்றால் எப்படி? ஆனால் சம்பந்திகளின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ கூரை மேல குத்தம் இல்ல!" என்றார் புகைபோக்கிக்காரர்.

"புகைபோக்கி மேலயும் இல்ல!" என்றார் கூரைக்காரர்.

கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். பிறகு கூரைக்காரர் ரொம்பப் பணிவாக, "ஃபேனை மாட்டினது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்."

"கதவு ஜன்னலை அடைச்சது?"

"நான்."

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எவ்வளவு நிம்மதி! யாருக்கும் எந்த வகையிலும் உறவாகாத ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான். அதுவரை அவர்கள் வாயிலிருந்து வராத தொழில் ஞானமெல்லாம் அப்போது கொட்டியது. காற்று வெளியே போகிற அளவுக்கு உள்ளே வரவும் வேண்டும். ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். கணப்புக்குப் பக்கத்தில், சுவரில் தனியாக ஒரு துளை போட்டு, வலை வைத்த குழாய் சொருக வேண்டும். நெருப்புக்கு வேண்டிய காற்றை நெருப்பே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். சுவர் என்பது கூரையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. அதில் எத்தனை துளை போட்டாலும் எந்தப் பெண்ணும் பிறந்த வீட்டுக்கு அழுதுகொண்டு வர மாட்டாள்.

துளையிடும் இயந்திரம் வந்தது. வேலை அங்கேதான் நின்றது.

"நீங்க ஆரம்பிங்க சம்பந்தி."

"சேச்சே, நீங்க பொண்ணு குடுத்தவங்க. நீங்கதான்."

"நீங்க பையனைப் பெத்தவங்க. முறைப்படி நீங்கதான்."

"வயசுல நீங்க பெரியவங்க."

"உயரத்துலதான் பெரியவன்."

இயந்திரம் இருவர் கையிலும் மாறி மாறிப் போய் வந்தது. என் மனைவி கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு அதை வாங்கி, சுவரில் வைத்து அழுத்தினாள். செங்கல் தூள் எங்கள் நால்வர் தலையிலும் விழுந்தது. சம்பந்திகள் ஆளுக்கொரு பக்கம் நின்று, "அடடா, என்ன நேர்த்தி!" என்று பாராட்டினார்கள். குழாயையும் வலையையும் மட்டும் இருவரும் சேர்ந்து, நான்கு கைகளால் சொருகினார்கள்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினோம். ஃபேனை மெதுவாகப் போட்டோம். கணப்பைப் பற்றவைத்தோம். புகை கூடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இனி நமக்கு இடமில்லை என்பது போல மேலே ஏறிப் போயிற்று.

மச்சினன் அவள் பையையும் கம்பளியையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். "அத்தான், அக்காவையும் பையையும் ஒப்படைச்சாச்சு. திருப்பி எடுத்துக்க மாட்டோம், சொல்லிட்டேன். அங்கேயும் இதே மாதிரிதான் கதவைச் சாத்து, கதவைச் சாத்துன்னு எங்க உயிரை எடுத்தா."

அன்று சாயங்காலம் அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து பின்னினாள். நான் காக்கையின் கதையைச் சொன்னேன். வால் முன்னாடி வந்த இடத்தில் ஊசியை நிறுத்தாமலே, "பொய்" என்றாள். நடந்து போய் வாசலில் நின்ற இடத்தில், "சுத்தப் பொய்" என்றாள். கடைசி வரை கேட்டாள்.

பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டு, "எங்கேயோ காத்து வருது" என்றாள்.

எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சுவர்த் துளைக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். துளையை ஒட்டி அல்ல; நெருப்புக்குப் போக வழிவிட்டு, அவளுக்குப் போக விடாமல். என் முதுகு அதற்குப் போதுமான அகலம்.

"இப்போ?"

"இப்போ இல்ல."

முதுகு விறைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நாற்காலியை நகர்த்தவில்லை. சற்று நேரம் கழித்து அவள் எழுந்து எனக்குப் பின்னால் வந்தாள். பழுப்புக் கம்பளியை என் தோளிலிருந்து தோள் வரை விரித்துப் பார்த்தாள்.

"ஆடாம இருங்க." இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து அளந்தாள். "இன்னும் கொஞ்சம் அகலம் வேணும்."

எப்போதிலிருந்து இதைப் பின்னுகிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். துளை போடுவதற்கு முன்பிருந்தே. வீட்டை விட்டுப் போவதற்கும் முன்பிருந்தே. எனக்குக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.